மூலம் என்று முடிவு கட்டுவதற்கு முன்

(நம் சங்கத்தின் மூத்தோர் கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாத சிலர் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தருகிறேன்.)



நான் மேடைப் பேச்சாளன் இல்லை. பி.காம். படித்துவிட்டு, வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கவுண்டருக்குப் பின்னாலேயே உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். டாக்டரும் இல்லை. அதனால் நான் சொல்வதை வைத்துக்கொண்டு யாரும் ஒரு மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், புதிதாகத் தொடங்கவும் வேண்டாம். பெருங்குடல் புற்றுநோய் என்ற வார்த்தை எங்கள் குடும்பத்துக்குள் வந்து நான்கு வருடம் ஆகிறது. இந்த நான்கு வருடத்தில் டாக்டர்களிடம் கேட்டும், படித்தும் நான் தெரிந்துகொண்டதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

தலைப்பைக் கேட்டதும் சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். நாம் காலை நடையில் சுகரைப் பற்றிப் பேசுகிறோம். பார்க் பெஞ்சில் உட்கார்ந்து, "எனக்கு ஃபாஸ்டிங் 140, உங்களுக்கு எவ்வளவு?" என்று வாய்விட்டுக் கேட்கிறோம். பிரஷர், முழங்கால் வலி, கண்புரை எல்லாம் பொதுப்பேச்சு. ஆனால் மலத்தில் ரத்தம் போனால் மட்டும் வீட்டில் மனைவியிடம் கூடச் சொல்வதில்லை. பெண்கள் இன்னும் மோசம். மகளிடமும் சொல்ல மாட்டார்கள், மருமகளிடமும் சொல்ல மாட்டார்கள். இந்த நோய் முற்றிய பிறகே தெரியவருவதற்கு இந்தக் கூச்சம் ஒரு பெரிய காரணம். எனவே இன்று மலம், ஆசனவாய் என்ற வார்த்தைகளை நான் நேரடியாகத்தான் சொல்லப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். மலத்தில் ரத்தம் வந்தால், அதை "மூலம்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். அது மூலமாகவே இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் உங்களைப் பரிசோதித்த டாக்டர்.

பெருங்குடலும் பாலிப்பும்

முதலில் அந்த உறுப்பைத் தெரிந்துகொள்வோம். பெருங்குடல் சுமார் ஐந்து அடி நீளமுள்ள குழாய். வலது பக்க அடிவயிற்றில் தொடங்கி மேலே ஏறி, வயிற்றின் குறுக்கே இடது பக்கம் போய், கீழே இறங்குகிறது. கடைசி அரை அடிதான் மலக்குடல். சிறுகுடலிலிருந்து கஞ்சி மாதிரி வருவதில் உள்ள தண்ணீரை உறிஞ்சிக் கெட்டியாக்குவது பெருங்குடலின் முக்கிய வேலை.

இந்தக் குழாயின் உள்சுவரில், வயதாக ஆகச் சிலருக்கு மரு மாதிரியோ சிறு காளான் மாதிரியோ ஒரு வளர்ச்சி வரும். இதற்குப் பாலிப் என்று பெயர். பெரும்பாலான பாலிப்கள் ஒன்றும் செய்யாமல் அப்படியே இருந்துவிடும். அடினோமா என்ற வகையில் சில மட்டும் மெல்ல வளர்ந்து புற்றாக மாறும். பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. ஒரு சின்ன பாலிப் புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருடம் வாக்கில் ஆகிறது.

இந்தப் பத்து வருடத்தைக் கவனியுங்கள். எத்தனை நோய் நமக்கு இவ்வளவு அவகாசம் தருகிறது? பாலிப்பாக இருக்கும்போதே கண்டுபிடித்து எடுத்துவிட்டால், வர இருந்த புற்று வராமலே போய்விடுகிறது. கொலோனோஸ்கோபிக் குழாய் வழியாகவே பாலிப்பை எடுக்கும் முறையை 1969இல் நியூயார்க்கில் உல்ஃப், ஷின்யா என்ற இரண்டு டாக்டர்கள் தொடங்கி வைத்தார்கள். அதற்கு முன் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பாலிப்பை எடுத்தவர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2012இல் வெளியானது. அவர்களிடையே இந்தப் புற்றுநோயால் வரும் மரணம், பொதுமக்களிடம் எதிர்பார்க்கக்கூடிய அளவில் பாதிக்கும் கீழாகக் குறைந்திருந்தது.

உலகக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2022இல் உலகம் முழுவதும் சுமார் 19 லட்சம் பேருக்கு இந்த நோய் புதிதாக வந்தது. சுமார் 9 லட்சம் பேர் இறந்தார்கள். புற்றுநோய்களில் எண்ணிக்கையில் மூன்றாவது இடம், மரணத்தில் இரண்டாவது இடம். இந்தியாவில் மேலை நாடுகளை விட இது குறைவு. அதில் நாம் நிம்மதி அடையலாம். ஆனால் நம் நாட்டில் பலர் நோய் முற்றிய பிறகே டாக்டரிடம் வருகிறார்கள்.

சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

வங்கியில் வேலை பார்த்தவர்களுக்குச் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் தெரியும். ஒரு தொகை வந்திருக்கும், யாருடையது, எதற்கு என்று அப்போது தெரியாது. அன்றைய கணக்கை முடிக்க வேண்டுமே என்று அதைத் தற்காலிகமாக ஒரு கணக்கில் போட்டு வைப்போம். சில நாளில் விசாரித்து, உரிய கணக்குக்கு மாற்ற வேண்டும் என்பது விதி. ஆனால் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டதால் யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆடிட்டர் வந்து கேட்கும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

நம் ஊரில் "மூலம்", "உடம்புச் சூடு" என்ற இரண்டு வார்த்தைகளும் இப்படிப்பட்ட கணக்குகள்தான். ரத்தம் வந்தது, மூலம் என்று எழுதியாயிற்று. மலம் சரியாகப் போகவில்லை, சூடு என்று எழுதியாயிற்று. மனம் டேலி ஆகிவிடுகிறது. பிறகு யாரும் விசாரிப்பதில்லை.

என் அண்ணன் விஷயத்தில் நடந்தது இதுதான். இதை இங்கே சொல்லும்படி அவரே சொன்னார். அப்போது அவருக்கு வயது 67. சொந்த ஊரில் விவசாயம் பார்க்கிறார், சிகரெட், குடி எதுவும் கிடையாது. மலத்தில் ரத்தம் பட ஆரம்பித்தது. தெருமுனை மருந்துக்கடையில் ஒரு களிம்பு கொடுத்தார்கள், தடவினார். கொஞ்ச நாள் நின்றது, மறுபடி வந்தது. துத்தி இலையை வதக்கிச் சாப்பிட்டார். கோழியையும் கத்தரிக்காயையும் நிறுத்தினார். தினமும் மோர் குடித்தார். வலி ஒன்றும் இல்லை, அதனால் பயமும் இல்லை. காலையில் மூன்று நான்கு தடவை போக வேண்டியிருந்தது, போன பிறகும் பாக்கி இருப்பது போல ஓர் உணர்வு. அதையும் வயதுக் கணக்கில் எழுதிவிட்டார். இப்படியே பதினான்கு மாதம்.

கடைசியில் பேத்தியின் காதுகுத்துக்கு இங்கே வந்தபோது, ஆள் இளைத்திருப்பதைப் பார்த்து என் மனைவிதான் பிடிவாதமாக ஒரு சர்ஜனிடம் அழைத்துப் போகச் சொன்னாள். டாக்டர் ஸ்கேன் எதுவும் எடுப்பதற்கு முன்பு, கையுறை போட்டுக்கொண்டு விரலால் ஆசனவாய்க்குள் பரிசோதித்தார். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. விரல் நுனியிலேயே கட்டி தட்டுப்பட்டது. பிறகு பயாப்ஸி, எம்.ஆர்.ஐ., சி.டி. எல்லாம் எடுத்து, மலக்குடல் புற்றுநோய், மூன்றாம் ஸ்டேஜ் என்றார்கள்.

பதினான்கு மாதமாக அந்த ஒரு நிமிடப் பரிசோதனையை யாரும் செய்யவில்லை. மூலத்துக்கு மருந்து கேட்டுப் போகும்போது நீங்கள் கேட்க வேண்டியது இதைத்தான்: "டாக்டர், விரல் வைத்துப் பரிசோதித்துப் பார்த்துவிடுங்கள்." மலக்குடலின் கீழ்ப்பகுதியில் வரும் கட்டிகள் பலவற்றை விரலாலேயே உணர முடியும். இன்னொன்றும் நினைவிருக்கட்டும். ஒருவருக்கு மூலமும் இருக்கலாம், அதற்கு மேலே கட்டியும் இருக்கலாம். மூலம் இருப்பது உறுதியான பிறகும் ரத்தம் நிற்காமல் வந்தால் மேலே பார்த்தே ஆக வேண்டும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

மலத்தில் ரத்தம் தெரிந்தால். மலம் தார் போலக் கறுத்துப் போனால். உங்கள் வழக்கம் மாறி, புதிதாக வந்த மலச்சிக்கலோ பேதியோ மூன்று நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால். மலம் வழக்கத்தை விட மெலிந்து, ஒல்லியாக வரத் தொடங்கினால். போன பிறகும் இன்னும் பாக்கி இருக்கிறது என்ற உணர்வு விடாமல் இருந்தால். காரணமில்லாமல் எடை குறைந்தால்.

ரத்தசோகையைத் தனியாகச் சொல்கிறேன், இது பலருக்குத் தெரியாது. பெருங்குடலின் வலது பக்கத்தில் கட்டி வந்தால், அங்கே மலம் தண்ணீராக இருப்பதால் அடைப்பு ஏற்படுவதில்லை. ரத்தமும் சொட்டுச் சொட்டாக மலத்தோடு கலந்து போவதால் கண்ணுக்குத் தெரியாது. தெரிவது ஹீமோகுளோபின் குறைவு மட்டும்தான். படி ஏறினால் மூச்சு வாங்கும், அசதியாக இருக்கும். மாதவிடாய் நின்றுபோன ஒரு பெண்ணுக்கோ, எந்த வயது ஆணுக்கோ இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை வந்தால், இரும்பு மாத்திரையோடும் முருங்கைக்கீரையோடும் நிறுத்திவிடக் கூடாது. ரத்தம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். இருப்பு குறைகிறது என்றால் பணத்தைப் போட்டுச் சரிக்கட்டினால் போதுமா? எங்கே போகிறது என்று கேட்க வேண்டாமா?

யாருக்கு ஆபத்து அதிகம்?

முதல் காரணம் வயது. ஐம்பதுக்கு மேல் கூடுகிறது. ஆனால் இளைஞர்களுக்கு வராது என்று நினைக்க வேண்டாம். ஐம்பது வயதுக்குக் கீழே இது அதிகரித்து வருவதாகப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். உங்கள் பேரன்கள் பார்த்த 'பிளாக் பாந்தர்' படத்தின் கதாநாயகன் சாட்விக் போஸ்மன் 2020இல் பெருங்குடல் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 43. எனவே வீட்டில் முப்பது வயதுப் பிள்ளை ரத்தம் வருகிறது என்று சொன்னாலும், "வெளியில் சாப்பிடாதே" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள்.

இரண்டாவது, குடும்பம். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர், பிள்ளை இவர்களில் ஒருவருக்கு வந்திருந்தால் நமக்கு ஆபத்து கூடுகிறது. சில குடும்பங்களில் இது மரபணு வழியாகவே வருகிறது. 1895இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வார்தின் என்ற டாக்டரிடம் ஒரு தையற்காரப் பெண், தன் குடும்பத்தில் பலரைப் போலத் தானும் புற்றுநோயில்தான் சாகப் போவதாகச் சொன்னாராம். பிறகு அப்படியே நடந்தது. அந்தக் குடும்பத்தின் விவரங்களை வார்தின் சேகரித்து 1913இல் வெளியிட்டார். பின்னாளில் ஹென்றி லிஞ்ச் என்ற டாக்டர் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். அதனால் இன்று இதற்கு லிஞ்ச் சிண்ட்ரோம் என்று பெயர். இப்படிப்பட்ட குடும்பங்களில் பெருங்குடலோடு கர்ப்பப்பைப் புற்றுநோயும் வரும், இள வயதிலேயே வரும். உங்கள் குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு இவை வந்திருந்தால், மரபணுப் பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

"தாத்தா வயிற்றுக் கட்டியில் போனார்" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். எந்தக் கட்டி, எந்த வயதில் என்று இன்னும் நினைவு உள்ள பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சொத்துப் பத்திரத்தோடு பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டிய விவரம் இது.

மூன்றாவது, நம் கையில் இருப்பவை. தொப்பை, உட்கார்ந்தே இருப்பது, புகையிலை, மது ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் ஆபத்து சற்று அதிகம். உணவில், சாசேஜ், பேக்கன், ஹாம் போன்ற பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2015இல் அறிவித்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி போன்றவற்றை அதற்கு அடுத்த படியில், உண்டாக்கக்கூடும் என்ற வகையில் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பை நிறுத்தச் சொல்லவில்லை. பேரப்பிள்ளைகளின் ஃப்ரிட்ஜில் சாசேஜ் தினசரிப் பண்டம் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நார்ச்சத்து பாதுகாப்புத் தருகிறது. கேழ்வரகு, கம்பு, தீட்டாத அரிசி, கீரை, அவரை, பயறு, தோலோடு சாப்பிடும் பழங்கள் எல்லாம் நமக்குத் தெரிந்தவைதான். பாலிஷ் போட்ட வெள்ளை அரிசிச் சோறும் அப்பளமும் மட்டும் போதாது. அதே சமயம் நல்ல சாப்பாடு சாப்பிடுகிறேன், யோகா செய்கிறேன், எனக்கு வராது என்றும் இருந்துவிடாதீர்கள். என் அண்ணன் வயலில் உழைத்தவர், கம்மங்கூழ் குடித்தவர். நல்ல பழக்கம் ஆபத்தைக் குறைக்கும். முழுவதும் நீக்கிவிடாது.

என்ன பரிசோதனை?

இங்கிலாந்தில் 50 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மலப் பரிசோதனை கிட் தபாலில் வீட்டுக்கே வருகிறது. அமெரிக்காவில் 45 வயதிலேயே பரிசோதனையைத் தொடங்க வேண்டும் என்று 2021இல் மாற்றினார்கள். நம் நாட்டில் அரசு நடத்தும் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகிய மூன்றுக்கும்தான். பெருங்குடலுக்கு யாரும் நம்மைக் கூப்பிடப் போவதில்லை. நாமாகத்தான் கேட்க வேண்டும்.

எளிய பரிசோதனை, மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பது. இதில் ஃபிட் என்ற முறை நல்லது. மனித ரத்தத்தை மட்டுமே காட்டுவதால், முந்தைய நாள் என்ன சாப்பிட்டோம் என்ற கவலை இல்லை. வருடம் ஒரு முறை செய்யலாம். அதில் ரத்தம் இருப்பதாக வந்தால் கொலோனோஸ்கோபி அவசியம். "மறுபடி ஒரு தடவை டெஸ்ட் எடுத்துப் பார்ப்போம், நெகட்டிவ் வந்தால் விட்டுவிடலாம்" என்று சமாதானம் செய்துகொள்ளக் கூடாது. அதே போல, கண்ணெதிரே ரத்தம் வருகிறவர்களுக்கு இந்த டெஸ்ட் போதாது. அவர்கள் நேரே டாக்டரிடம் போக வேண்டும். சி.இ.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையைப் பலர் கேட்கிறார்கள். அது சிகிச்சைக்குப் பிறகு கண்காணிக்க உதவும். ஆரம்பத்தில் நோயைக் கண்டுபிடிக்க அதை நம்ப முடியாது.

குடும்பத்தில் உள்ளவர்களுக்குப் பொதுவாகச் சொல்லும் விதி இது: 40 வயதில், அல்லது நோய் வந்த உறவினருக்கு அது தெரியவந்த வயதுக்குப் பத்து வருடம் முன்னதாக, இதில் எது முந்தியோ அப்போது கொலோனோஸ்கோபி செய்ய வேண்டும். அண்ணனுக்குத் தெரியவந்த மாதமே எங்கள் டாக்டர் என்னையும் போகச் சொன்னார். போனேன். எனக்கு அதுவரை ஒரு தொந்தரவும் கிடையாது. ஆனால் இரண்டு பாலிப் இருந்தது, இரண்டையும் அப்போதே எடுத்துவிட்டார்கள். ஒன்று அடினோமா. ஐந்து வருடம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள், அடுத்த வருடம் போக வேண்டும்.

என் தங்கை இன்னும் போகவில்லை. "இந்த வயசுல எனக்கு எதுக்குண்ணா இதெல்லாம்" என்கிறாள். அவளுக்கு வயது 61. ஒவ்வொரு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கேட்கிறேன். பயமா, கூச்சமா என்று தெரியவில்லை, அவள் சொல்வதும் இல்லை. கேட்பதை நான் விடப் போவதில்லை.

கொலோனோஸ்கோபி எப்படி இருக்கும் என்று பயப்படுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். பரிசோதனையை விட அதற்கு முந்தைய நாள்தான் கஷ்டம். இரண்டு மூன்று நாள் முன்பே கீரை, விதை உள்ள பழம், நார்ச்சத்து உணவுகளைக் குறைக்கச் சொல்வார்கள். முந்தைய நாள் ஒரு பவுடரை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். குடல் சுத்தமாகும் வரை பாத்ரூமுக்கும் அறைக்குமாக நடக்க வேண்டும். அதைச் சரியாகச் செய்யாவிட்டால் பாலிப் கண்ணில் படாது. மறுநாள் லேசான மயக்கம் கொடுத்து, கேமரா பொருத்திய வளையும் குழாயைச் செலுத்துகிறார்கள். பொதுவாக அரை மணி, முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வயிற்றில் கொஞ்சம் காற்று இருந்தது, மாலையில் இட்லி சாப்பிட்டேன்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை மாத்திரை அல்லது இன்சுலின் போடுகிறவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதை முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இரும்பு மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். துணைக்கு ஒருவர் வேண்டும், அன்று வண்டி ஓட்டக் கூடாது. குடலில் துளை விழுவது, பாலிப் எடுத்த இடத்தில் ரத்தம் கசிவது போன்ற ஆபத்துகள் உண்டு, ஆனால் அரிது. 75 வயதைத் தாண்டியவர்கள், எந்தத் தொந்தரவும் இல்லாதபோது, உடல்நிலையைப் பொறுத்து டாக்டரோடு பேசி முடிவு செய்தால் போதும். ரத்தம் வந்தால் மட்டும் வயதுக் கணக்கு பார்க்கக் கூடாது.

காசு விஷயமும் பேசிவிடுவோம். கட்டணம் மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். பாலிப் எடுத்தால் எவ்வளவு, பயாப்ஸிக்கு எவ்வளவு, மயக்க மருந்து டாக்டருக்கு எவ்வளவு என்று தனித்தனியாக முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மெடிக்ளெய்ம் இருந்தால், வெறும் பரிசோதனைக்குக் கொடுப்பார்களா என்பதை எழுத்தில் கேளுங்கள். பழைய வருமான வரிமுறையில் இருப்பவர்களுக்கு, 80டி என்று நாம் அறிந்த கழிவுக்குள் முன்தடுப்புப் பரிசோதனைச் செலவாக 5,000 ரூபாய் வரை காட்டலாம். அந்தத் தொகையை ரொக்கமாகக் கொடுத்தாலும் செல்லும், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

நோய் வந்துவிட்டால்?

புற்றுநோய் என்றாலே முடிந்தது என்ற எண்ணம் தவறு. கட்டி குடல் சுவருக்குள்ளேயே இருக்கும்போது சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் ஐந்து வருடத்தைத் தாண்டுகிறார்கள் என்கிறது அமெரிக்கக் கணக்கு. அருகில் உள்ள நிணநீர்க் கட்டிகளுக்குப் பரவியிருந்தால் அது 70 சதவீத அளவுக்கு இறங்குகிறது. கல்லீரல், நுரையீரல் என்று தூரத்துக்குப் பரவிவிட்டால் 15 சதவீத அளவுதான். நோய் ஒன்றுதான், கண்டுபிடித்த நேரம்தான் வேறு.

அமெரிக்க ஜனாதிபதி ரீகனை நமக்கெல்லாம் நினைவிருக்கும். 1985 ஜூலையில், பதவியில் இருக்கும்போதே, 74 வயதில் கொலோனோஸ்கோபியில் ஒரு பெரிய பாலிப் கண்டுபிடித்தார்கள். மறுநாளே ஆபரேஷன். அதில் புற்று இருந்தது. அதை டாக்டர்கள் பத்திரிகையாளர்களிடம் வெளிப்படையாகவே சொன்னார்கள். அதன் பிறகு பதவிக்காலத்தை முடித்து, 93 வயது வரை இருந்தார் அவர்.

பெருங்குடலில் கட்டி என்றால் முதல் சிகிச்சை பெரும்பாலும் ஆபரேஷன்தான். கட்டி உள்ள பகுதியையும் அதைச் சேர்ந்த நிணநீர்க் கட்டிகளையும் எடுத்துவிட்டு, குடலின் இரு முனைகளையும் இணைத்துவிடுவார்கள். எடுத்ததில் குறைந்தது பன்னிரண்டு நிணநீர்க் கட்டிகளையாவது சோதித்துப் பார்ப்பது நல்ல நடைமுறை. ரிப்போர்ட்டில் அந்த எண் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். பரவல் இருந்தால் கீமோ. மலக்குடல் என்றால் பல சமயம் முதலில் ரேடியேஷனும் கீமோவும் கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, பிறகு ஆபரேஷன் செய்கிறார்கள். கல்லீரலுக்குப் பரவியிருந்தால்கூட, சிலருக்கு அந்தப் பகுதியையும் எடுத்துக் குணப்படுத்த முடிகிறது.

பயாப்ஸி எடுத்ததும் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: "எம்.எம்.ஆர். டெஸ்ட் செய்தீர்களா?" லிஞ்ச் சிண்ட்ரோம் இருக்கிறதா என்ற சந்தேகத்துக்கு அது வழிகாட்டும். சிகிச்சையையும் மாற்றும். 2022இல் நியூயார்க்கில், அந்தக் குறிப்பிட்ட குறைபாடு உள்ள மலக்குடல் புற்றுநோயாளிகள் பன்னிரண்டு பேருக்கு டோஸ்டார்லிமாப் என்ற மருந்து மட்டும் கொடுத்தார்கள். பன்னிரண்டு பேருக்குமே கட்டி மறைந்துவிட்டது, கத்தி வைக்கவில்லை. எல்லோருக்கும் இது பொருந்தாது. மலக்குடல் புற்றுநோயாளிகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவாகத்தான் இந்தக் குறைபாடு இருக்கும். ஆனால் டெஸ்ட் செய்தால்தானே தெரியும்?

அண்ணனுக்குக் கட்டி மிகவும் கீழே இருந்ததால் ஆசனவாயை விட்டுவைக்க முடியவில்லை. ஐந்து வாரம் ரேடியேஷன், கூடவே மாத்திரை, பிறகு ஆபரேஷன், பிறகு கீமோ. இடது வயிற்றில் ஒரு துவாரம், அதில் ஒட்டிக்கொள்ளும் பை. நிரந்தரமாக. ஆபரேஷனுக்கு முன் அவர் அழுதது நோயைக் கேட்டு அல்ல, இந்தப் பையைக் கேட்டுத்தான். முதல் ஆறு மாதம் யார் வீட்டு விசேஷத்துக்கும் போகவில்லை. வாடை வருமோ, பந்தியில் சத்தம் வருமோ என்ற பயம். நர்ஸ் ஒருவர் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். இன்று அவரே மாற்றிக்கொள்கிறார், வயலுக்குப் போகிறார், பஸ்ஸில் வருகிறார். சட்டைக்கு உள்ளே பை இருப்பது யாருக்கும் தெரியாது. பை வைத்தவர்களிடம் நாம் இரக்கம் காட்டுவதை விட, பழையபடி பத்திரிகை வைத்துக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதுதான் பெரிய உதவி.

செலவுக்குத் தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கி வைத்த அடையாறு புற்றுநோய் மையமும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் நமக்கு இருக்கின்றன. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறது. நம் வீடுகளில் வேலை செய்கிறவர்கள், வாட்ச்மேன், குப்பை வண்டிக்காரர் இவர்களிடம் அந்த அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் எடுக்க உதவுங்கள்.

கடைசியாக ஒரு நல்ல செய்தி. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2025இல் வெளியானது. ஒரு பகுதியினருக்குப் பயிற்சியாளர் துணையோடு மூன்று வருடம் உடற்பயிற்சித் திட்டம், மற்றவர்களுக்குக் கையேடு மட்டும். எட்டு வருடம் கழித்து, உடற்பயிற்சி செய்தவர்களில் 90 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், மற்றவர்களில் 83 சதவீதம் பேர். நம் பார்க்கில் காலையில் நடக்கும் குழுவில் யாராவது சிகிச்சை முடித்தவர் சேர விரும்பினால், அவர் வேகத்துக்கு நாமும் கொஞ்சம் மெதுவாக நடப்போம்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது மூன்று. குடும்பத்தில் யாருக்கு என்ன புற்றுநோய், எந்த வயதில் என்று எழுதுங்கள். கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பாருங்கள். உங்கள் மனைவியிடமோ கணவரிடமோ, "வெளிக்குப் போவதில் ஏதாவது மாற்றம் உண்டா?" என்று நேராகக் கேளுங்கள். பதில் "மூலம்தான்" என்று வந்தால், எந்த டாக்டர் பார்த்துச் சொன்னார் என்று அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுங்கள்.

கூட்டத்தில் கேட்கக் கூச்சப்பட்டவர்கள் மாலையில் பார்க்கில் என்னைத் தனியாகப் பார்த்துக் கேட்கலாம். டாக்டரிடம் போகத் துணை வேண்டும் என்றாலும் வருகிறேன்.